இரண்டு நகரங்களுக்கு இடையே எவ்வளவு தூரம், விமானத்தில் எத்தனை மணி நேரம்? நீங்களே கணக்கிடும் முறை

‘அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும்?’ விமானப் பயணத்துக்குப் புதியவர்கள் எல்லோரும் கேட்பது இதைத்தான். இணையத்தில் தேடினால் ஒரு தளம் 6 மணி 30 நிமிடம் என்கிறது, இன்னொன்று 7 மணி 15 நிமிடம் என்கிறது, டிக்கெட்டைப் பார்த்தால் அதில் வேறு ஒரு கணக்கு. யாரும் பொய் சொல்லவில்லை. ஆளுக்கு ஓர் இடத்தில் கடிகாரத்தை ஓட விடுகிறார்கள், அவ்வளவுதான்.

என் முதல் வெளிநாட்டுப் பயணத்தில் டிக்கெட்டில் இருந்த இரண்டு நேரங்களையும் கழித்துப் பார்த்து, ‘ஐந்தரை மணி நேரம்தான்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். எட்டாவது மணி நேரத்திலும் ஜன்னலுக்கு வெளியே மேகம்தான் தெரிந்தது. உண்மையில் அது பதினோரு மணி நேரப் பயணம். இரண்டு ஊர்களின் கடிகாரங்களுக்கும் இடையே இருந்த ஐந்தரை மணி நேரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அந்தத் தவறை நீங்கள் செய்ய வேண்டாம். கீழே உள்ளதை ஒருமுறை வரிசையாகச் செய்து பார்த்தால், அப்புறம் எந்த இரண்டு ஊர்களுக்கும் ஒரு தாள் துண்டில் போட்டுப் பார்த்துவிடலாம்.

படி 1: எங்கிருந்து எங்கே என்பதை முடிவு செய்யுங்கள்

இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் ‘லண்டன்’ என்று சொன்னால் எந்த விமான நிலையம்? ஹீத்ரோவா, கேட்விக்கா, ஸ்டான்ஸ்டெட்டா, லூட்டனா? டோக்கியோவில் ஹனேடா நகரத்துக்குள்ளேயே இருக்கிறது. நரிட்டாவோ நகர மையத்திலிருந்து ஏறத்தாழ 60 கி.மீ. தள்ளி இருக்கிறது. தூரம் காட்டும் தளங்கள் சில நகர மையங்களுக்கு இடையேயும், சில விமான நிலையங்களுக்கு இடையேயும் அளக்கின்றன. முப்பது, நாற்பது கிலோமீட்டர் வித்தியாசம் வந்தால் காரணம் பெரும்பாலும் இதுவே. வானத்தில் அது மூன்று நிமிடம். தரையில் அது ஒரு மணி நேரப் பேருந்துப் பயணம்.

பெயர்க் குழப்பமும் உண்டு. சான் ஹோசே என்ற பெயரில் கலிஃபோர்னியாவிலும் ஒரு நகரம் இருக்கிறது, கோஸ்டா ரிக்காவின் தலைநகரமும் அதுதான். சிட்னி ஆஸ்திரேலியாவில் மட்டுமல்ல, கனடாவின் நோவா ஸ்கோஷியாவிலும் இருக்கிறது. ஊர்ப் பெயரை மட்டும் நம்பாமல் விமான நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டையும் நாட்டின் பெயரையும் சேர்த்துப் பாருங்கள்.

படி 2: தூரத்தை எடுங்கள்

விமானத் தூரம் என்று சொல்வது, பூமியின் உருண்டை மேற்பரப்பில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய வழியின் நீளம். இதைப் பெருவட்டத் தூரம் என்பார்கள். சுவரில் தொங்கும் தட்டையான உலகப் படத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் இது கிடைக்காது. அந்தப் படங்கள் உருண்டையைப் பிரித்து விரித்து, துருவங்களுக்குப் பக்கத்தில் இழுத்துப் பெரிதாக்கி வரையப்பட்டவை.

பெய்ஜிங்கையும் நியூயார்க்கையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஏறக்குறைய 40 பாகை வட அட்சரேகையில் இருக்கின்றன. படத்தைப் பார்க்கும் எவரும், பெய்ஜிங்கிலிருந்து கிழக்கே பசிபிக்கைக் கடந்து நேரே போய்விடலாம் என்றுதான் நினைப்பார்கள். அப்படி ஒரே அட்சரேகையைப் பிடித்துக்கொண்டு போனால் சுமார் 14,400 கி.மீ. வரும். ஓர் உலக உருண்டையில் இரண்டு ஊர்களிலும் விரலை வைத்து நடுவில் ஒரு நூலை இறுக்கிப் பிடித்துப் பாருங்கள். நூல் தானாக வடக்கே ஏறி வட துருவத்துக்குப் பக்கமாகப் போகும். அந்த வழியின் நீளம் சுமார் 11,000 கி.மீ. மூவாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் மிச்சம்! இருக்கைத் திரையில் விமானத்தின் பாதை வில் போல வளைந்து தெரியும்போது ‘ஏன் சுற்றிப் போகிறார்கள்?’ என்று கேட்கத் தோன்றும். வளைந்திருப்பது படம்தான், பாதை நேர்.

தூரத்தை எடுக்க எளிய வழி கூகுள் மேப்ஸ். கணினியில் ஓர் ஊரின் மேல் வலது கிளிக் செய்தால் தூரம் அளக்கும் வசதி வரும், அடுத்த ஊரின் மேல் சொடுக்கினால் போதும். கைபேசியில் விரலை அழுத்திப் பிடித்து ஒரு புள்ளியை வைத்தால் அதே வசதி கிடைக்கும். கூகுள் எர்த்திலும் அளவுகோல் உண்டு. விமான நிலையக் குறியீடுகளை மட்டும் போட்டு தூரத்தையும் பாதையையும் பார்க்க கிரேட் சர்க்கிள் மேப்பர் என்ற பழைய தளம் எனக்குப் பிடித்தது. பார்க்க அழகாக இருக்காது, ஆனால் கணக்கு சரியாக இருக்கும்.

இணையம் இல்லாதபோது, அல்லது சும்மா கையால் போட்டுப் பார்க்க ஆசையிருந்தால், இதோ வழி. வடக்கு–தெற்காக ஒரு பாகை நகர்ந்தால் எங்கேயும் சுமார் 111 கி.மீ. கிழக்கு–மேற்காக ஒரு பாகை என்பது நிலநடுக்கோட்டில் அதே 111 கி.மீ.தான். வடக்கேயோ தெற்கேயோ போகப் போக அது சுருங்கும்: 30 பாகை அட்சரேகையில் 96, 45 பாகையில் 79, 60 பாகையில் வெறும் 56. ஓஸ்லோவுக்கும் ஹெல்சிங்கிக்கும் இடையே தீர்க்கரேகையில் கிட்டத்தட்ட 14 பாகை வித்தியாசம் இருந்தும் தூரம் சுமார் 770 கி.மீ.தான் வருவது இதனால்தான். நிலநடுக்கோட்டில் அதே வித்தியாசம் 1,500 கி.மீ.யைத் தாண்டிவிடும்.

தில்லி–மும்பைக்குப் போட்டுப் பார்ப்போம். தில்லி விமான நிலையம் 28.6 வடக்கு, 77.1 கிழக்கு. மும்பை 19.1 வடக்கு, 72.9 கிழக்கு. அட்சரேகை வித்தியாசம் 9.5 பாகை, அதை 111-ஆல் பெருக்கினால் சுமார் 1,055 கி.மீ. தீர்க்கரேகை வித்தியாசம் 4.2 பாகை. இரண்டு ஊர்களுக்கும் நடுவே, அதாவது 24 பாகை அட்சரேகையையொட்டி, ஒரு பாகைக்கு 101 முதல் 102 கி.மீ. வரும், ஆக 427 கி.மீ. இனி பள்ளியில் படித்த பிதாகரஸ்: இரண்டையும் வர்க்கப்படுத்திக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் ஏறத்தாழ 1,137 கி.மீ. தளங்கள் காட்டும் எண்ணும் இதை ஒட்டியே இருக்கும். ஓரிரண்டாயிரம் கிலோமீட்டர் வரை இந்தக் குறுக்கு வழி நன்றாகவே வேலை செய்யும். அதற்கு மேல் பூமியின் வளைவு தன் வேலையைக் காட்டிவிடும், அப்போது தளத்தையே பாருங்கள்.

இரண்டு தளங்கள் ஒரே விமான நிலையங்களுக்கு இடையே ஐந்து, பத்து கிலோமீட்டர் மாற்றிக் காட்டினால் கவலைப்பட வேண்டாம். ஒன்று பூமியை 6,371 கி.மீ. ஆரமுள்ள சரியான கோளமாக எடுத்திருக்கும். மற்றது துருவங்களில் கொஞ்சம் தட்டையான வடிவத்தை எடுத்திருக்கும். வித்தியாசம் அரை சதவீதத்துக்குள் அடங்கும்.

அலகில் மட்டும் கவனம் தேவை. கிலோமீட்டர், மைல், கடல் மைல் மூன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. மைல் என்பது 1.609 கி.மீ. விமானிகள் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கி.மீ. ஆயிரம் கிலோமீட்டர் என்பது 621 மைல், அல்லது 540 கடல் மைல். ‘நாட்’ என்றால் மணிக்கு ஒரு கடல் மைல். எண்ணைப் பார்க்கும் முன் பக்கத்தில் இருக்கும் அலகைப் பாருங்கள்.

ஒரு சோதனைக் கணக்கும் இருக்கிறது. பூமியின் சுற்றளவு ஏறத்தாழ 40,000 கி.மீ. ஆகவே எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே 20,000 கி.மீ.க்கு மேல் இருக்க வாய்ப்பில்லை. அதற்கு மேல் விடை வந்தால் எங்கேயோ ஒரு கூட்டல் குறி கழித்தலாகியிருக்கிறது என்று அர்த்தம்.

படி 3: 850-ஆல் வகுத்து முக்கால் மணி சேருங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் மையம். தூரத்தைக் கிலோமீட்டரில் எடுத்து 850-ஆல் வகுங்கள். வரும் மணி நேரத்தோடு 45 நிமிடம் சேருங்கள். ஜெட் விமானங்களுக்கு இது வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தும்.

தில்லி–மும்பை 1,137 கி.மீ. 850-ஆல் வகுத்தால் ஒரு மணி 20 நிமிடம், முக்கால் மணி சேர்த்தால் 2 மணி 5 நிமிடம். அட்டவணையில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் போட்டிருப்பார்கள். சிங்கப்பூர்–நியூயார்க் சுமார் 15,350 கி.மீ., உலகின் மிக நீளமான இடைநில்லா விமானச் சேவைகளில் ஒன்று. கணக்குப்படி 18 மணி 50 நிமிடம். அட்டவணையும் பதினெட்டரை மணி நேரத்துக்கு மேல்தான் சொல்கிறது.

850 எங்கிருந்து வந்தது? பெரிய ஜெட் விமானங்கள் ஒலியின் வேகத்தில் 78 முதல் 85 சதவீதம் வரை பறக்கின்றன. பதினொரு கிலோமீட்டர் உயரத்தில் வெளியே சுமார் மைனஸ் 56 பாகை செல்சியஸ் குளிர். அந்தக் குளிரில் ஒலியின் வேகம் மணிக்கு ஏறத்தாழ 1,060 கி.மீ. ஆகக் குறைகிறது. அப்படியானால் ஏ320, போயிங் 737 போன்றவை மணிக்கு 830 கி.மீ. பக்கமும், போயிங் 787, ஏ350 போன்றவை 900 பக்கமும் வரும். போகும் பாதை பெருவட்டத்தைவிட எப்போதும் சற்று நீளம் என்பதால் வேகமான விமானத்துக்கும் 850 என்று வைத்துக்கொள்வது நியாயமாக இருக்கிறது. சுழல்விசிறி வைத்த ஏடிஆர் விமானம் என்றால் 850-ஐ மறந்துவிட்டு 500-ஆல் வகுங்கள், அரை மணி சேருங்கள்.

முக்கால் மணி எதற்கு? பயணிகள் ஏறும் கேட்டிலிருந்து பின்னால் தள்ளி, ஓடுபாதை வரை ஊர்ந்து, வரிசையில் நின்று, மேலே ஏறுவதற்கு ஒரு பங்கு. பல நாடுகளில் பத்தாயிரம் அடிக்குக் கீழே 250 நாட் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. அது மணிக்கு 463 கி.மீ., உச்ச வேகத்தில் பாதிதான். இறங்குவதும் சட்டென்று நடப்பதில்லை. முப்பத்தைந்தாயிரம் அடியிலிருந்து இறங்க, ஊருக்கு ஏறத்தாழ 200 கி.மீ. முன்னாலேயே ஆரம்பித்துவிடுவார்கள். தரையிறங்கிய பின் மறுபடி கேட் வரை ஊர்வல். இத்தனையும் 500 கி.மீ. பயணத்துக்கும் உண்டு, 15,000 கி.மீ. பயணத்துக்கும் உண்டு. அதனால்தான் 500 கி.மீ. போக ஒரு மணி 20 நிமிடம் ஆகிறது, அதைப்போல இரண்டு மடங்கு தூரம் போக இரண்டு மடங்கு நேரம் ஆவதில்லை.

சரி, இந்தச் சூத்திரம் எங்கே உடையும்? ஸ்காட்லாந்தின் ஆர்க்னி தீவுகளில் வெஸ்ட்ரேவிலிருந்து பாப்பா வெஸ்ட்ரேவுக்கு ஒரு சிறு விமானம் போகிறது. தூரம் 2.7 கி.மீ. அட்டவணையில் இரண்டு நிமிடம், காற்று சாதகமாக இருந்தால் ஒரு நிமிடத்துக்குள்ளேயே இறங்கிவிடும். அங்கே போய் முக்கால் மணி நேரத்தைச் சேர்க்காதீர்கள்.

இப்படிக் கிடைக்கும் நேரம், கேட்டை விட்டு நகர்வது முதல் அடுத்த கேட்டில் நிற்பது வரையான நேரம். விமானத் துறையில் பிளாக் டைம் என்பார்கள். டிக்கெட்டில் இருப்பது இதுதான். பறக்கும் நேரம் என்று சில தளங்கள் தருவது, சக்கரம் தரையை விட்டு எழுவது முதல் மறுபடி தொடுவது வரை. அது அரை மணி நேரம்வரை குறைவாக இருக்கும். ஆரம்பத்தில் சொன்ன குழப்பத்தில் பாதி இங்கே தீர்ந்துவிடுகிறது. விமான நிறுவனங்கள் அட்டவணையில் கொஞ்சம் கூடுதல் நேரத்தையும் ஒளித்து வைப்பார்கள். புறப்படும்போது இருபது நிமிடம் தாமதமானாலும் ‘சரியான நேரத்தில்’ போய்ச் சேர்வதன் ரகசியம் அதுவே.

படி 4: எந்தத் திசை என்று பாருங்கள்

நியூயார்க்–லண்டன் 5,540 கி.மீ. சூத்திரப்படி 7 மணி 15 நிமிடம். ஆனால் லண்டனுக்குப் போகும்போது ஏழு மணி நேரத்துக்குள் முடியும், திரும்பி வரும்போது எட்டு மணி நேரத்தைத் தொடும். அதே விமானம், அதே தூரம்.

காரணம் ஜெட் காற்றோட்டம். நடு அட்சரேகைகளில், விமானங்கள் பறக்கும் உயரத்திலேயே, மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்றாறு ஓடுகிறது. வெப்ப மண்டலத்துக்கும் துருவப் பகுதிக்கும் இடையே உள்ள வெப்ப வேறுபாடும் பூமியின் சுழற்சியும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன. குளிர்காலத்தில் வேறுபாடு பெரிது, காற்றும் பலமாக இருக்கும். 2020 பிப்ரவரியில் கியாரா புயலின்போது பிரிட்டிஷ் ஏர்வேஸின் போயிங் 747 ஒன்று நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 4 மணி 56 நிமிடத்தில் போய்ச் சேர்ந்தது. விமானம் வழக்கத்தைவிட வேகமாகப் பறக்கவில்லை. அதைச் சுமந்த காற்று வேகமாக ஓடியது.

எளிய திருத்தம்: நடு அட்சரேகைகளில் கிழக்கே போனால் சூத்திரத்தில் வந்த நேரத்திலிருந்து ஆறேழு சதவீதம் கழியுங்கள், மேற்கே போனால் அவ்வளவே கூட்டுங்கள். வடக்கு–தெற்குப் பயணத்துக்கும் நிலநடுக்கோட்டை ஒட்டிய பயணத்துக்கும் ஒன்றும் செய்ய வேண்டாம்.

‘போகும்போது மிச்சமாவது வரும்போது செலவாகிவிடுகிறது, ஆக இரண்டும் சரியாகிவிடும்’ என்று நினைக்கலாம். ஆகாது. மணிக்கு 900 கி.மீ. பறக்கும் விமானம் 5,400 கி.மீ. போய்வர, காற்றே இல்லையென்றால் 12 மணி நேரம். நூறு கி.மீ. காற்று இருந்தால் போகும்போது 1,000, வரும்போது 800. அதாவது 5 மணி 24 நிமிடமும் 6 மணி 45 நிமிடமும். கூட்டினால் 12 மணி 9 நிமிடம். எதிர்க்காற்றில் நாம் அதிக நேரம் மாட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதால் நட்டம் எப்போதும் சற்றுக் கூடுதல்.

இன்னொரு பழைய சந்தேகம்: பூமி கிழக்கு நோக்கிச் சுழல்கிறதே, மேற்கே போனால் ஊர் தானாக நம்மை நோக்கி வராதா? வராது. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்கிறது, விமானம் அந்தக் காற்றுக்குள் பறக்கிறது. ஓடும் ரயிலுக்குள் நடப்பவருக்கு ரயிலின் வேகம் குறுக்கே வராததைப் போல.

காற்றுக்காகவே சுற்றிப் போவதும் வழக்கம். வட அட்லாண்டிக் மேலே விமானங்கள் போக வேண்டிய பாதைகளை, அன்றன்றைய காற்றைப் பார்த்து ஒரு நாளைக்கு இரண்டு முறை புதிதாக வரைகிறார்கள். சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் போகும் விமானம் பெருவட்டப் பாதையை விட்டுப் பசிபிக் மேலாகக் காற்றைப் பிடித்துக்கொண்டு போவது சாதாரணம். தூரம் கூடும், நேரம் குறையும்.

படி 5: வழியில் தடை இருக்கிறதா?

கணக்குக்கும் டிக்கெட்டுக்கும் இடையே ஒரு மணி நேரத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் நடுவில் ஏதோ ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் மூடப்பட்ட வான்வெளி. ஹெல்சிங்கி–டோக்கியோ 7,800 கி.மீ. சைபீரியா மேலாகப் போனபோது ஒன்பதரை மணி நேரத்தில் முடிந்தது. 2022-இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்ட பின், அதே பயணம் வட துருவம் வழியாகவோ தெற்கே சுற்றியோ பதின்மூன்று மணி நேரமாகிவிட்டது. 2019 பிப்ரவரி இறுதியிலிருந்து ஜூலை நடுப்பகுதி வரை பாகிஸ்தான் வான்வெளி மூடியிருந்தபோது தில்லியிலிருந்து ஐரோப்பா போன விமானங்கள் அரபிக் கடல் பக்கமாகச் சுற்றின.

மலையும் தடைதான். திபெத் பீடபூமி மேலாக மிகச் சில விமானங்களே போகின்றன. உள்ளே காற்றழுத்தம் போய்விட்டால் விமானம் பத்தாயிரம் அடிக்கு இறங்கியாக வேண்டும். கீழே தரையே பதினைந்தாயிரம் அடியில் இருந்தால் எங்கே இறங்குவது? இரண்டு இயந்திரங்கள் மட்டும் உள்ள விமானம், ஒன்று நின்றுபோனாலும் குறிப்பிட்ட நிமிடங்களுக்குள் ஏதாவது ஒரு விமான நிலையத்தை எட்டும் தொலைவிலேயே பறக்க வேண்டும் என்றும் விதி இருக்கிறது. முன்பு கடலில் பல பாதைகளை இந்த விதி வளைத்துவிட்டது. இப்போதைய விமானங்களுக்கு வரம்பு பெரிதாக்கப்பட்டிருப்பதால் இதன் பாதிப்பு குறைந்துவிட்டது.

இதையெல்லாம் நீங்கள் ஆராய வேண்டியதில்லை. ஃபிளைட்ரேடார்24, ஃபிளைட்அவேர் போன்ற தளங்களில் அந்த விமான எண்ணைப் போட்டால், கடந்த சில நாட்களில் எந்த வழியாகப் போனது, எத்தனை மணிக்கு இறங்கியது என்பது அப்படியே இருக்கும். என்னைக் கேட்டால் எந்தச் சூத்திரத்தையும்விட இது மேல்.

படி 6: கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் புறப்படும் நேரம் புறப்படும் ஊரின் நேரம், சேரும் நேரம் சேரும் ஊரின் நேரம். இது மட்டும் மனதில் நின்றால் போதும். இரண்டையும் யுடிசி என்ற பொது நேரத்துக்கு மாற்றிவிட்டுக் கழியுங்கள்.

லண்டனில் குளிர்காலத்தில் இரவு 10 மணிக்குக் கிளம்பி, சிங்கப்பூரில் மறுநாள் மாலை 7 மணிக்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். குளிர்கால லண்டன் நேரமும் யுடிசியும் ஒன்றே. சிங்கப்பூர் எட்டு மணி நேரம் முன்னால். மாலை 7-இலிருந்து எட்டைக் கழித்தால் காலை 11. இரவு 10 முதல் காலை 11 வரை 13 மணி நேரம். டிக்கெட்டில் சேரும் நேரத்துக்குப் பக்கத்தில் ‘+1’ என்று சின்னதாக இருந்தால் மறுநாள் என்று பொருள். அதைக் கவனிக்காமல் தப்பான தேதியில் தங்குமிடம் பதிவு செய்தவர்கள் ஏராளம்.

முழு மணியாகத்தான் வித்தியாசம் வரும் என்றும் நினைக்க வேண்டாம். இந்தியாவுக்கு ஐந்தரை, நேபாளத்துக்கு ஐந்தே முக்கால். கோடைக்கால நேர மாற்றம் இன்னொரு பொறி. அமெரிக்காவில் மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை மாற்றுகிறார்கள், ஐரோப்பாவில் மார்ச் கடைசி ஞாயிறு. நடுவில் உள்ள வாரங்களில் லண்டனுக்கும் நியூயார்க்குக்கும் இடையே ஐந்து மணி நேர வித்தியாசம் நான்காகிவிடும்.

தேதிக்கோட்டைத் தாண்டினால் கணக்கு வேடிக்கையாகும். டோக்கியோவில் திங்கள் மாலை 5 மணிக்குக் கிளம்பும் விமானம், பத்து மணி நேரம் பறந்து லாஸ் ஏஞ்சலஸில் அதே திங்கள் காலை 10 மணிக்கு இறங்கும். கிளம்புவதற்கு முன்பே சேர்ந்தாயிற்று! திரும்பும்போது அதற்கு வட்டி கட்ட வேண்டும்: திங்கள் காலை 11 மணிக்கு ஏறினால் பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பின் டோக்கியோவில் செவ்வாய் மாலை 4. இதிலும் உச்சம் சமோவாவின் அபியாவும் அமெரிக்க சமோவாவின் பாகோ பாகோவும். அரை மணி நேரத்துக்குச் சற்றே மேல் பறந்தால் போதும், ஆனால் இடையே 24 மணி நேர வித்தியாசம். 2011 டிசம்பரில் சமோவா தேதிக்கோட்டின் மறுபக்கத்துக்கு மாறியது. அங்கே அந்த ஆண்டு டிசம்பர் 30 என்ற நாளே வரவில்லை.

படி 7: நடுவில் மாறி ஏறுவதாக இருந்தால்

முதலில் ஒரு சொல் விளக்கம். ‘நான்–ஸ்டாப்’ என்றால் நடுவில் எங்கும் இறங்காது. ‘டைரக்ட்’ என்றால் விமான எண் மாறாது, அவ்வளவே. நடுவில் ஓர் ஊரில் இறங்கி ஒன்றரை மணி நேரம் நிற்கலாம். இரண்டையும் ஒன்றென்று எண்ணி ஏமாறாதீர்கள்.

எந்த ஊர் வழியாகப் போவது என்பதைத் தேர்ந்தெடுக்கவும் தூரக் கணக்கு உதவும். லண்டன்–சிட்னி பெருவட்டத் தூரம் சுமார் 17,020 கி.மீ. சிங்கப்பூர் வழியாகப் போனால் 10,880-உம் 6,300-உம் சேர்ந்து 17,180. கிட்டத்தட்ட நேர்வழியேதான். துபாய் வழி 17,540 பக்கம், அதுவும் பரவாயில்லை. லாஸ் ஏஞ்சலஸ் வழியாகப் போனால் 20,800. டிக்கெட் எவ்வளவு மலிவாக இருந்தாலும் நாலரை மணி நேரம் கூடுதலாக உட்கார வேண்டும் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள். தூரம் சில சதவீதம் கூடினால் தவறில்லை, கால்வாசி கூடினால் யோசியுங்கள்.

ஒவ்வொரு பகுதிக்கும் முக்கால் மணியைத் தனித்தனியாகச் சேர்க்க வேண்டும். காத்திருப்பு நேரத்தையும் மறக்கக்கூடாது. இரண்டு பயணங்களும் ஒரே டிக்கெட்டில் இருந்தால் முதல் விமானம் தாமதமானாலும் அடுத்ததில் ஏற்றிவிடும் பொறுப்பு பொதுவாக அவர்களுடையது. தனித்தனியாக வாங்கியிருந்தால் பெட்டியை எடுத்து, குடிவரவைக் கடந்து, மறுபடி செக்–இன் செய்ய வேண்டியிருக்கும். இரண்டாவது விமானம் போய்விட்டால் நட்டம் உங்களுக்கு. தனித்தனி டிக்கெட் என்றால் நான் நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக இடைவெளி விடுவதில்லை. ஒருமுறை ஒன்றே முக்கால் மணி நேரம் விட்டு ஓடிய ஓட்டம் இன்னும் காலில் இருக்கிறது.

படி 8: வாசல் முதல் வாசல் வரை

இப்போது எல்லாவற்றையும் ஒரே பயணத்தில் போட்டுப் பார்ப்போம். ஜனவரியில் ஒரு திங்கட்கிழமை இரவு 10 மணிக்கு லண்டன் ஹீத்ரோவில் கிளம்புகிறீர்கள். சிங்கப்பூருக்கு 13 மணி நேரம், அங்கே இரண்டரை மணி நேரக் காத்திருப்பு, சிட்னிக்கு 8 மணி நேரம். ஆக இருபத்து மூன்றரை. லண்டன் கணக்கில் செவ்வாய் இரவு ஒன்பதரை. ஜனவரியில் சிட்னி பதினோரு மணி நேரம் முன்னால் இருக்கும், ஆகவே அங்கே புதன் காலை எட்டரை. செவ்வாய்க்கிழமை முழுக்க வானத்திலும் காத்திருப்புக் கூடத்திலும் கரைந்திருக்கும்.

இதோடு வீட்டிலிருந்து விமான நிலையம் போக ஒரு மணி நேரம், சர்வதேசப் பயணத்துக்கு மூன்று மணி நேரம் முன்னதாக இருக்க வேண்டும் என்பதற்கு ஒரு மூன்று, இறங்கிய பின் குடிவரவுக்கும் பெட்டிக்கும் சுங்கத்துக்கும் ஒரு மணி நேரம், அங்கிருந்து தங்கும் இடத்துக்கு இன்னொரு மணி நேரம். மொத்தம் இருபத்தொன்பதரை. உங்களை அழைக்க வருபவரிடம் இதைச் சொல்லாதீர்கள். அவருக்குத் தேவை ‘புதன் காலை எட்டரைக்கு இறங்குகிறேன், ஒன்பதரைக்கு வெளியே வருவேன்’ என்ற ஒரு வரிதான். விடுப்பு எழுதுபவருக்கும், நேரம் பார்த்து மருந்து சாப்பிடுபவருக்கும், குழந்தையோடு போகிறவருக்கும் அந்த இருபத்தொன்பதரைதான் கணக்கு.

குறுகிய தூரத்தில் இந்தக் கூடுதல் நேரம் பயணத்தையே விழுங்கிவிடும். நானூறு கிலோமீட்டருக்குச் சூத்திரம் சொல்வது ஒன்றே கால் மணி நேரம். முன்னும் பின்னும் சேர்த்தால் நான்கரையைத் தாண்டும். அந்தத் தூரத்துக்கு நல்ல ரயில் இருந்தால் ரயிலையும் ஒருமுறை பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

டிக்கெட் வாங்கிப் பல மாதங்கள் ஆகியிருந்தால், கிளம்புவதற்கு முன் நேரத்தை மறுபடி சரிபாருங்கள். விமான அட்டவணைகள் ஆண்டுக்கு இரண்டு முறை, மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் மாறுகின்றன. அந்தத் தேதிகளுக்கு இந்தப் பக்கம் வாங்கி அந்தப் பக்கம் பயணம் செய்பவர்களுக்கு இருபது நிமிடமோ இரண்டு மணி நேரமோ தள்ளிப்போயிருக்க வாய்ப்புண்டு. மாற்றத்தைச் சொல்லி வரும் மின்னஞ்சல் விளம்பரங்களோடு சேர்ந்து எங்கேயாவது புதைந்து கிடக்கும்.